ஒளி படிக்கும் தட்டு

அவையோருக்கு வணக்கம்.

கையடக்கக் குறுந்தகடு பிளேயரைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். கருவியோடு வரும் கையேட்டில் 'செய்யாதீர்கள், தொடாதீர்கள், வைக்காதீர்கள்' என்று பக்கம் பக்கமாக எச்சரிக்கைகள் இருக்கும். யாரும் படிப்பதில்லை. காரணம் சொல்லாத கட்டளை மனத்தில் நிற்காது. அதனால் காரணத்திலிருந்து தொடங்குகிறேன். இந்தக் கருவி எப்படிப் படிக்கிறது என்று தெரிந்தால், எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பது தானாகவே விளங்கிவிடும்.

பிலிப்ஸ், சோனி ஆகிய இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து வடிவமைத்த குறுந்தகடு 1982-இல் விற்பனைக்கு வந்தது. இரண்டே ஆண்டுகளில், 1984-இல், சோனியின் டி-50 வந்தது. கையில் எடுத்துச்செல்லக்கூடிய முதல் பிளேயர் அதுதான். தட்டின் அகலம் 12 சென்டிமீட்டர், கனம் 1.2 மில்லிமீட்டர். அதில் ஒரே ஒரு சுருள்பாதை, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடுகிறது. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர்தான். ஒரு தலைமுடியின் அகலத்துக்குள் நாற்பது சுற்றுகள் அடங்கிவிடும். இவ்வளவு நுண்ணிய பாதையைத் தொடாமலேயே, லேசர் ஒளியால் பின்தொடர்ந்து படிக்கிறது இந்தக் கருவி. அதுவும் நம் பையில் குலுங்கிக்கொண்டே! எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இதோ, மேசைமேல் இருக்கும் கருவியின் மூடியைத் திறக்கிறேன். நடுவில் உருளையான ஒரு குமிழ், அதன் பக்கவாட்டில் மூன்று சின்னப் பிடிப்புகள். தகட்டை அதன்மேல் வெறுமனே வைத்தால் போதாது. குமிழின் இரு பக்கமும் விரல் வைத்து, 'டக்' என்று ஓசை வரும்வரை மெதுவாக அழுத்த வேண்டும். சரியாக உட்காராத தகடு சுழலும்போது மூடியில் உரசிக் கீறிக்கொள்ளும். எடுக்கும்போது குமிழைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள். ஒரு பக்கத்தை மட்டும் நெம்பினால் தகடு வளைந்து, நடுத்துளையிலிருந்து விரிசல் விடும்.

குமிழுக்குப் பக்கத்தில் சிறிய நீர்த்துளி போல மின்னுகிறதே, அதுதான் லென்ஸ். மெல்லிய கம்பிகளில் மிதக்கும் அதை விரலால் தொடவே கூடாது. தூசி படிந்தால் கேமராவுக்குப் பயன்படுத்தும் காற்றூதியால் ஊதலாம். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். கருவி புதிதாக இருந்தால் லென்ஸின்மேல் காப்பு அட்டை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதை எடுக்காமலேயே பிளேயர் பழுது என்று முடிவுகட்டுபவர்கள் உண்டு.

லேசரைப் பற்றிப் பயப்பட வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். மூடி மூடியிருக்கும் வரை ஒளி வெளியே வராது. திறந்ததும் ஒரு சிறு சுவிட்ச் லேசரை அணைத்துவிடும். அந்தச் சுவிட்சைக் குச்சியால் அழுத்தி ஏமாற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்ப்பதுதான் ஆபத்து. 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள அந்த ஒளி கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாது. கூசாததால் கண் இமைக்காது. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதைச் சொல்லியே வைக்க வேண்டும்.

இப்போது தகட்டுக்கு வருவோம். பளபளக்கும் அடிப்பக்கத்தைத்தான் எல்லோரும் பொத்திப் பொத்திக் காக்கிறார்கள். உண்மையில் மென்மையான பக்கம் பெயர் அச்சிட்ட மேல்பக்கம். தகவல் அடுக்கு அந்த அச்சுக்கு நேர் கீழே இருக்கிறது. நடுவில் மெல்லிய அரக்குப் பூச்சு மட்டுமே. அடிப்பக்கக் கீறலுக்கும் தகவலுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் பிளாஸ்டிக் இருப்பதால், அதைப் பல சமயம் மெருகேற்றிச் சரிசெய்யலாம். மேல்பக்கம் உரிந்தால் பாட்டும் போய்விடும். ஆகவே பால்பாயின்ட் பேனாவால் எழுதாதீர்கள், ஒட்டுத்தாளும் வேண்டாம். சுழற்சி நிலைகுலையும், தாள் உள்ளே உரிந்து மாட்டிக்கொள்ளும்.

துடைக்கும்போது மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கக்கூடாது, ஏன்? பிளேயரில் பிழைதிருத்தம் இருக்கிறது. பாதையில் ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் நீளத்துக்குத் தகவல் மறைந்தாலும் மற்றவற்றைக் கொண்டு கணக்கிட்டு நிரப்பிவிடும். குறுக்கே விழும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் துளியளவே மறைக்கும். பாதையோடு சேர்ந்து ஓடும் கீறலோ தொடர்ச்சியாக விழுங்கிவிடும்.

குலுக்கலைத் தாங்க, பல கருவிகளில் முன்கூட்டியே படித்துச் சேமிக்கும் நினைவகம் உண்டு. நடக்கும்போது அது உதவும். ஓரிடத்தில் உட்கார்ந்து கேட்பவர்கள் அதை அணைத்துவிடலாம் என்பது என் கருத்து. பல பிளேயர்கள் இடத்தை மிச்சப்படுத்த ஒலியைச் சுருக்கித்தான் அங்கே சேமிக்கின்றன; அதில் ஒலித்தரம் சற்றுக் குறையலாம். பையில் போடும்முன், மற்றப் பொத்தான்கள் தவறுதலாக அழுந்தினாலும் வேலை செய்யாதபடி பூட்டும் 'ஹோல்ட்' பொத்தானைத் தள்ளிவிடுங்கள். குளிர்ந்த இடத்திலிருந்து வெப்பமான அறைக்குக் கொண்டுவந்தால் லென்ஸில் ஈரம் படியும். தகட்டை வெளியே எடுத்துவிட்டு ஒரு மணிநேரமாவது காத்திருங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் எதையும் விட்டுவைக்காதீர்கள்.

மின்சாரத்திலும் பல கருவிகள் உயிரை விடுகின்றன. செருகும் முனை பொருந்துகிறது என்பதற்காக அடாப்டர் பொருந்திவிட்டது என்று எண்ணக்கூடாது. 4.5 வோல்ட் கருவியில் 9 வோல்ட் அடாப்டரும் ஒழுங்காக நுழையும். கருவி அடுத்த நொடியே போய்விடலாம். பின்புறத்தில் வட்டமும் புள்ளியும் வரைந்து நேர், எதிர் குறி போட்டிருப்பார்கள். அந்தப் படமும் வோல்ட் எண்ணும் கருவியிலும் அடாப்டரிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆம்பியர் அளவு கருவி கேட்பதற்குக் குறையக்கூடாது, கூடினால் பரவாயில்லை. பழைய பேட்டரியையும் புதியதையும் சேர்த்துப் போடாதீர்கள். சில கருவிகள் உள்ளேயே பேட்டரியை சார்ஜ் செய்யும். அவற்றில் சாதாரண பேட்டரியைப் போட்டு அடாப்டரைச் செருகினால் ஒழுகவும் வெடிக்கவும் கூடும். மாதக்கணக்கில் பயன்படுத்தாமல் வைப்பதென்றால் பேட்டரிகளை எடுத்துவிடுங்கள். ஒழுகும் காரம் உலோக முனைகளை அரித்துவிடும்.

கடைசியாகக் காது. குறுந்தகட்டில் நாடாவின் இரைச்சல் கிடையாது. மெல்லிய இடத்துக்கும் உரத்த இடத்துக்கும் வித்தியாசம் மிகப் பெரிது. பாட்டு மிக மெதுவாகத் தொடங்கும், நாம் ஒலியைக் கூட்டுவோம், அடுத்த கணம் முழு இசையும் காதில் இடியாக இறங்கும். ஹெட்போனை மாட்டும்முன் ஒலியைக் குறைத்துவைத்து, உரத்த பகுதியைக் கேட்டு அளவை நிறுத்துங்கள். ஒலியின் உரப்பை டெசிபெல் என்ற அலகால் அளப்பார்கள். பெரியவர்களுக்கு 80 டெசிபெல் அளவில் வாரம் 40 மணிநேரம் வரை கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகிறது: 83 என்றால் 20 மணி, 86 என்றால் 10 மணி, 89-இல் 5 மணிதான். பஸ் இரைச்சலை வெல்ல ஒலியைக் கூட்டுகிறவர்கள் எந்த அளவில் கேட்கிறார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. காதை நன்றாக மூடும் ஹெட்போன் இருந்தால் கூட்டவே தேவைப்படாது. சாலையைக் கடக்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் அதைக் கழற்றிவிடுங்கள். கேட்டு முடித்தபின் காதில் ரீங்காரம் வந்தால் அன்றைக்குப் போதும் என்று நிறுத்துங்கள். அது நிற்காவிட்டால் மருத்துவரிடம் போகத் தள்ளிப்போடாதீர்கள்.