ஓவல் மைதானத்தில் கிட்டார்

(இசை ரசிகர்கள் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

நண்பர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

கிரிக்கெட் மைதானத்தில் ராக் கச்சேரி வைக்கலாமா என்று கேட்டால், இந்த அரங்கில் பாதிப் பேர் முகம் சுளிப்பீர்கள். பிட்ச் கெட்டுவிடும், புல் செத்துவிடும், ஆட்டத்துக்கான இடத்தில் ஆட்டம்தான் நடக்க வேண்டும் என்பீர்கள். நானும் கிரிக்கெட் பைத்தியம்தான். ஆனாலும், வைக்கலாம் என்றுதான் பேச வந்திருக்கிறேன். இவ்வளவு பெரிய வெட்டவெளி ஒரு நகரத்துக்குள் வேறு எங்கே கிடைக்கும்? ஊருக்குத் தேவை வரும்போது அதன் கதவு திறக்கத்தான் வேண்டும்.

முதலில் லண்டன் ஓவல். 1971 ஆகஸ்ட் 24. இங்கிலாந்து மண்ணில் இந்தியா முதன்முதலாக ஒரு டெஸ்ட் போட்டியில் வென்ற நாள். சந்திரசேகர் 38 ரன் கொடுத்து 6 விக்கெட், நம் சென்னையின் வெங்கடராகவன் 2 விக்கெட், இங்கிலாந்து 101 ரன்னுக்குச் சுருண்டது. அன்று விநாயகர் சதுர்த்தி வேறு. செசிங்டன் விலங்குக் காட்சி சாலையிலிருந்து பெல்லா என்ற யானையை ரசிகர்கள் மைதானத்துக்கே அழைத்து வந்துவிட்டார்கள். இந்தக் கதை நமக்கெல்லாம் மனப்பாடம்.

அதே மைதானத்தில் 25 நாள் கழித்து நடந்ததுதான் அதிகம் பேசப்படாத கதை. செப்டம்பர் 18 அன்று ஓவலில் மேடை எழுந்தது. தி ஹூ, ராட் ஸ்டூவர்ட் பாடிய தி ஃபேசஸ், மாட் த ஹூப்பிள், லிண்டிஸ்ஃபார்ன், ‘அமெரிக்கா’ என்றே பெயர் வைத்துக்கொண்ட ஒரு குழு என்று பகல் முழுக்க இசைக்குழுக்கள். 30,000 பேருக்கு மேல் வந்தார்கள். எதற்காக என்று நினைக்கிறீர்கள்? வங்கதேச அகதிகளுக்கு நிதி திரட்ட.

அந்த ஆண்டு மார்ச்சில் இன்றைய வங்கதேசமான கிழக்கு வங்காளத்தில் பாகிஸ்தான் ராணுவத்தின் கொலைவெறி தொடங்கியது. சுமார் ஒரு கோடி மக்கள் எல்லை தாண்டி இந்தியாவுக்குள் வந்தார்கள். ஆகஸ்ட் 1 அன்று சிதார் மேதை ரவிசங்கரும் பீட்டில்ஸ் குழுவில் இருந்த ஜார்ஜ் ஹாரிசனும் நியூயார்க்கில் அவர்களுக்காகக் கச்சேரி நடத்தினார்கள். அதை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. அடுத்த மாதமே லண்டனில் நடந்த இதையும் அதற்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும் என்பது என் ஆசை.

ஓவலைத் தன் சொந்த மைதானமாகக் கொண்ட சர்ரே, ஒரு கவுண்டி (அதாவது மாவட்ட) கிரிக்கெட் கிளப். அதைத் திறந்துவிட்ட அந்தக் கிளப்பின் துணிச்சலைப் புரிந்துகொள்ள, முந்தைய ஆண்டைப் பார்க்க வேண்டும். 1970இல் இங்கிலாந்தின் ஐல் ஆஃப் வைட் தீவில் நடந்த இசை விழாவில் கட்டுக்கடங்காத கூட்டம், வேலிகள் விழுந்தன. அப்புறம், அந்தத் தீவில் 5,000 பேருக்கு மேல் இரவில் திறந்தவெளியில் கூட உரிமம் வேண்டும் என்று 1971இல் சட்டமே வந்தது. நீண்ட முடி வைத்த இளைஞர் கூட்டம் என்றாலே பெரியவர்கள் பயந்த காலம். அப்போதுதான் கவுண்டி கிளப் ஒன்று வாசலைத் திறக்கிறது. அந்த ஆண்டின் கவுண்டி சாம்பியன் பட்டத்தை வென்றதும் அதே சர்ரேதான். கவுண்டி கிளப்புகளுக்கு அப்போது பணத் தட்டுப்பாடும் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. நல்ல காரியமும் வருமானத் தேவையும் ஒரே வாசல் வழியாக வந்தால் தப்பில்லை.

தி ஹூ குழுவின் டிரம்மர் கீத் மூன் அன்று கிரிக்கெட் மட்டையோடு மேடைக்கு வந்து, அதாலேயே டிரம்மைத் தட்டித் தொடங்கினார். அந்த மைதானத்துக்கு அதைவிட நல்ல வணக்கத்தை ஓர் இசைக்கலைஞன் சொல்ல முடியாது. அன்றைய ஒலிப்பதிவு 2025இல் தனி ஆல்பமாக வெளிவந்தது. அவசியம் கேளுங்கள்.

ஓவலைப் பற்றி இன்னொன்று. அது காய்கறித் தோட்டமாக இருந்த இடம். 1872இல் முதல் எஃப்.ஏ. கோப்பைக் கால்பந்து இறுதிப் போட்டி அங்கேதான் நடந்தது. இங்கிலாந்தின் முதல் சொந்த மண் கிரிக்கெட் டெஸ்ட் அங்கே நடந்தது அதற்கு எட்டு ஆண்டுகள் கழித்து, 1880இல். இரண்டாம் உலகப் போரில் அதைப் போர்க்கைதிகள் முகாமாகவே மாற்றிவிட்டார்கள். கிரிக்கெட்டுக்கு மட்டுமே நேர்ந்துவிட்ட இடமாக அது எப்போதும் இருந்ததில்லை.

சரி, பிட்ச்? ஓவலில் 1972இல் நடந்த இரண்டு கச்சேரிகளும் செப்டம்பரில்தான் நடந்தன. ஒன்றில் ஃபிராங்க் ஸப்பா, மற்றொன்றில் ‘எமர்சன், லேக் அண்ட் பாமர்’ குழு. செப்டம்பரோடு அங்கே சீசன் முடிந்துவிடும்; ஏப்ரல் வரை புல்லுக்கு ஓய்வு. சீசன் நடுவே என்றால் வேலை அதிகம். களிமண்ணை உருளையால் அழுத்தி அழுத்தி உருவாக்கிய நடுப்பகுதியில் ஒரு காலணிக் குதிகூடப் பதியக் கூடாது. அதனால் அதை வேலி கட்டித் தனியே ஒதுக்குவார்கள், மற்ற இடத்தில் பலகை விரிப்பார்கள். ஆஸ்திரேலியர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஊடக முதலாளி கெர்ரி பேக்கர் 1977இல் தொடங்கிய போட்டித் தொடருக்காக, பிட்சை வெளியே வளர்த்துத் தூக்கிவந்து பதிக்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். மெல்போர்னிலும் அடிலெய்டிலும் இன்று அதுதான் வழக்கம். 2024 பிப்ரவரியில் டெய்லர் ஸ்விஃப்ட் மெல்போர்ன் மைதானத்தை மூன்று இரவுகள் நிரப்பினார்.

பிட்சைவிடக் கடினமான கேள்வி பக்கத்து வீடுகள். நியூசிலாந்தில், ஆக்லாந்தின் ஈடன் பார்க் மைதானத்தில் வருடக்கணக்கில் கச்சேரியே கிடையாது. பக்கத்தில் வசிக்கும் முன்னாள் பிரதமர் ஹெலன் கிளார்க்கும் எதிர்த்தவர்களில் ஒருவர். அந்த எதிர்ப்பை நான் குறை சொல்ல மாட்டேன், தூக்கம் எல்லோருக்கும் வேண்டும். 2021இல் ஆண்டுக்கு ஆறு கச்சேரி என்ற வரம்போடு அனுமதி கிடைத்தது. ஏப்ரலில் சிக்ஸ்60 குழு பாட, 50,000 பேர் திரண்டார்கள். வரம்பு வைத்துத் திறப்பதுதான் சரியான வழி என்று நினைக்கிறேன்.

இப்போது மான்செஸ்டர். 2017 மே 22 இரவு, அமெரிக்கப் பாடகி அரியானா கிராண்டேயின் நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்தவர்கள் மீது நடந்த குண்டுவெடிப்பில் 22 பேர் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகளும் உண்டு. 13 நாளில் அரியானா திரும்பி வந்தார், ஓல்ட் டிராஃபோர்டு கிரிக்கெட் மைதானத்துக்கு. முந்தைய நாள் இரவுதான் லண்டன் பாலத்தில் இன்னொரு தாக்குதல் நடந்திருந்தது. இருந்தும் சுமார் 50,000 பேர் வந்தார்கள். மே 22 நிகழ்ச்சிக்குப் போயிருந்தவர்களுக்கு இலவச டிக்கெட். கோல்ட்ப்ளே இசைக்குழு வந்தது, அந்த ஊர்க்காரர் லியாம் கேலகர் பாடினார். பிள்ளைகளைப் பயமில்லாமல் மறுபடி பாட்டுக்கு அழைத்துப்போகத் தைரியம் தேவைப்பட்ட பெற்றோருக்கு அந்தப் புல்வெளி இடம் கொடுத்தது. ஜூன் மாதம், சீசன் நடுவே! ஆகஸ்டில் அங்கேயே தென்னாப்பிரிக்காவுடன் டெஸ்ட் நடந்தது.

அந்த கோல்ட்ப்ளே 2025 ஜனவரியில் நம் நாட்டுக்கு வந்தபோது இரண்டு ஊர்களிலும் பாடியது கிரிக்கெட் நடக்கும் மைதானங்களில்தான். நவி மும்பை டி.ஒய். பாட்டீலில் மூன்று நாள், அகமதாபாத் நரேந்திர மோடி மைதானத்தில் இரண்டு நாள். குடியரசு தினத்தன்று அகமதாபாத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். கூட்டத்தில் பும்ராவும் இருந்தார், அவருக்காகச் சில வரிகள் பாடினார் குழுவின் பாடகர் கிறிஸ் மார்ட்டின். பிட்ச் என்ன ஆனது என்று கவலைப்படுகிறவர்களுக்காகச் சொல்கிறேன்: 17 நாள் கழித்து, பிப்ரவரி 12 அன்று, அங்கே இங்கிலாந்துக்கு எதிரான ஒருநாள் போட்டி நடந்தது. இந்தியா 356 ரன். சுப்மன் கில் 112.