லிங்கின் பார்க்கை உயர்த்தியது குரலே!

நடுவருக்கும் அவைக்கும் வணக்கம். அமெரிக்க ராக் இசைக்குழு லிங்கின் பார்க். "லிங்கின் பார்க்கை உயர்த்தியது இசைக் கலவையா, குரலா?" என்ற கேள்வியில் நான் குரலின் பக்கம்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், ராக், ராப், எலெக்ட்ரானிக் மூன்றையும் கலந்ததுதான் எல்லாம் என்றார். சரி. அப்புறம் குழுவின் பாடகரைப் பற்றி "செஸ்டர் பென்னிங்டன் எங்கே பாடினார், கத்தினார்!" என்று சொல்லிக் கைதட்டலும் வாங்கிவிட்டார். ஐயா, அதே குழுவின் மைக் ஷினோடாவின் ராப் எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்தக் கலவை 1996-லேயே 'ஸீரோ' என்ற குழுவின் பழைய பெயரில் கலிபோர்னியாவில் இருந்ததே! ஏன் ஆல்பம் வெளியிட ஒரு இசை நிறுவன ஒப்பந்தம்கூடக் கிடைக்கவில்லை?

1999 மார்ச்சுக்கு வாருங்கள். அரிசோனாவில் செஸ்டருக்கு 23-வது பிறந்தநாள். விருந்து, நண்பர்கள். லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து அந்த 'ஸீரோ' குழுவின் டேப் வந்திருக்கிறது, பாடகர் வேண்டுமாம். நாமாக இருந்தால் என்ன செய்வோம்? நாளைக்குப் பார்க்கலாம் என்போம். அவர் தன் பிறந்தநாள் விருந்தையே விட்டுவிட்டுப் போய்ப் பாடிப் பதிவு செய்தார், நடுவர் அவர்களே! தன் பிறந்தநாள் விருந்தை! அதோடு விட்டாரா? தபாலில் போய்ச் சேரும்வரை பொறுக்கவில்லை, தொலைபேசியிலேயே போட்டுக் காட்டினார். அந்தக் கரகர இணைப்பிலும் அந்தப் பக்கம் இருந்தவர்களுக்குப் புரிந்துவிட்டது, ஆள் கிடைத்துவிட்டான் என்று. அடுத்த ஆண்டு அக்டோபரில் வந்த 'ஹைப்ரிட் தியரி' ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் விற்பனையில் ஒரு கோடியைத் தாண்டியது.

கத்தினாராம்! 2007-இல் 'கிவ்வன் அப்' பாட்டில் 17 விநாடி ஒரே மூச்சில் அலறுகிறார், ஆமாம், கத்தல்தான். அதே ஆல்பத்தில் 'லீவ் அவுட் ஆல் த ரெஸ்ட்' கேளுங்கள், நான் போன பிறகு என் குறைகளை மறந்துவிடுங்கள் என்று கெஞ்சுகிற அந்த மென்மையும் அதே தொண்டைதான். வலி எல்லா நேரமும் சுருதி பார்த்தா வரும்?

2017 ஜூலை 20, அவர் போய்விட்டார். அக்டோபரில் லாஸ் ஏஞ்சல்ஸின் ஹாலிவுட் பவுல் அரங்கில் அஞ்சலிக் கச்சேரி. 'நம்ப்' பாட்டுக்குப் பாடகரே இல்லை. பூ சுற்றிய அவருடைய மைக் ஸ்டாண்ட் மட்டும் வெளிச்சத்தில் நிற்கிறது. குழு வாசிக்கிறது, அரங்கம் மொத்தமும் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை தொண்டை கிழியப் பாடுகிறது, அழுதுகொண்டே.

2024-இல் புதிய பாடகி எமிலி ஆர்ம்ஸ்ட்ராங்கோடு குழு திரும்பி வந்தது, நல்லா இருக்கட்டும், மனசார வாழ்த்துகிறேன். ஆனால் அன்று அந்த அரங்கம் எழுப்பிய சத்தம் இருக்கிறதே, அதையும் கத்தல் என்று சொல்ல உங்களுக்கு மனசு வருமா, எதிரணி நண்பரே?