மின்விசிறியை நிறுத்துங்கள், ரேக்கை எடுங்கள்

நடுவர் அவர்களே, சபையோரே, வணக்கம். பழைய மரச்சாமானுக்குத் தங்க ரேக்கு என்னும் மிக மெல்லிய பொன் தகடு ஒட்டுவது கைதேர்ந்தவர்களுக்கு மட்டுமே உரிய வேலையா, புதியவரும் செய்யலாமா என்பது இன்றைய தலைப்பு. தாராளமாகச் செய்யலாம் என்பது எங்கள் அணி.

கற்றுக்குட்டி கை வைத்தால் பொருளும் போச்சு, பொன்னும் போச்சு என்றார் எதிரணித் தலைவர். முதலில் பொன்னைப் பார்ப்போம். அசல் ரேக்கு ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு கனம்தான். மூச்சு பட்டாலே பறக்கும். அதை முதல் நாளே யார் எடுக்கச் சொன்னது? தங்கம் மாதிரியே தெரியும் பித்தளை ரேக்கு இருக்கிறது. கனம் கூடுதல், விலை குறைவு. கை பழக அது போதும்.

பொருள் விஷயத்தில் அவர் சொல்வதில் நியாயம் உண்டு. நல்ல பாலிஷோடு இருக்கும் ஈட்டி மர நாற்காலியில் தொடக்கக்காரர் கை வைக்கக் கூடாது. அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெயின்ட் உரிந்து பரணில் கிடக்கும் கண்ணாடிச் சட்டம்? எங்கள் பாட்டியின் சட்டம் அப்படித்தான் கிடந்தது.

திருவான்மியூரில் எங்கள் வீடு. முதல் முறை நான் அவசரப்பட்டேன். ரேக்கு ஒட்டச் சட்டத்தில் தடவிய பசை பால் போல வெள்ளையாக இருக்கும்போதே ரேக்கை வைத்தேன், சுருங்கி, மங்கிப்போனது. அந்த வெள்ளை மறைந்து தெளிவாக வேண்டும். விரல் முட்டியால் தொட்டால் ஈரம் ஒட்டக் கூடாது, பிடிப்பு மட்டும் தெரிய வேண்டும். ஐப்பசி மழையில் அதற்கு நேரம் கூடுதலாகவே ஆகும். சித்திரையிலோ வேறு சங்கடம்: ரேக்கு பறக்காமலிருக்க மின்விசிறியை நிறுத்தியாக வேண்டும், நிறுத்தினால் வியர்வை விரலில் ரேக்கு ஒட்டிக்கொள்ளும். விரலில் கொஞ்சம் முகப்பவுடர் தடவிக்கொண்டேன், சரியாகிவிட்டது.

அப்புறம்தான் எனக்கு ஒன்று புரிந்தது. இந்த வேலை தவறைத் திருத்திக்கொள்ள இடம் தருகிறது! ரேக்கு பசை இருக்கும் இடத்தில்தான் ஒட்டும். ஒன்றன்மேல் ஒன்று ஏறிய ஓரத்தை மென்மையான தூரிகையால் தட்டினால் உதிர்ந்துவிடும். அந்த உதிரியையே எடுத்து, விட்டுப்போன இடத்தில் ஒற்றலாம். பசை காய்ந்திருந்தால் அங்கே மட்டும் மறுபடி தடவலாம். அப்படியும் மெல்லிய விரிசல் விழுந்தால்? அதற்காகத்தான் முதலிலேயே அடியில் செங்காவி நிறப் பூச்சு. கைதேர்ந்தவர்களும் காலங்காலமாகப் பொன்னுக்கு அடியில் செம்மண் பூசித்தான் வந்திருக்கிறார்கள். விரிசலில் அந்தச் சிவப்பு எட்டிப் பார்க்கும்போது பழைய பொருளுக்கு அது அழகாகவே இருக்கிறது.

தஞ்சாவூர் ஓவியர்கள் வருடக்கணக்கில் கற்கிறார்களே என்று கேட்டார்கள். உண்மை, அந்த உழைப்புக்கு என் வணக்கம். ஆனால் மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் ஓவிய வகுப்புக்குப் போய், முதல் கிருஷ்ணர் படத்துக்கு நீங்களே ரேக்கு ஒட்டிப் பூஜை அறையில் மாட்டியவர்கள் இந்தச் சபையிலேயே இருப்பீர்கள். அன்று நீங்களும் புதியவர்தானே?

நடுவர் அவர்களே, அந்தச் சட்டத்தைக் கையோடு கொண்டு வந்திருக்கிறேன். தீர்ப்புக்கு முன் எடுத்துப் பாருங்கள். கடற்காற்றில் பித்தளை கறுத்துவிடும் என்பதால் மேலே வார்னிஷ் பூசியிருக்கிறேன், தைரியமாகத் தொடலாம்.