காவியத்தைத் தாங்குவது உடலே!

நடுவர் அவர்களே, எதிரணிப் பெருமக்களே, நடன வகுப்பு முடிந்த கையோடு வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

"கிரேக்கக் காவியத்தைத் தற்கால நடன மேடையில் நிற்கவைப்பது கதையா, உடலா?" இதுதான் தலைப்பு. அமெரிக்க நடன மேதை மார்த்தா கிரஹாமின் படைப்புகளை வைத்துப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். ஒன்று, 1958 ஏப்ரல் 1 அன்று நியூயார்க்கின் அடெல்ஃபி அரங்கில் அரங்கேறிய 'கிளைட்டம்னெஸ்ட்ரா'. ட்ராய் போரை முடித்து வீடு திரும்பிய அரசன் அகமெம்னனைக் கொன்ற மனைவியின் ஆட்டம். இன்னொன்று, ஒடிசி காவியத்து மாயக்காரியைப் பற்றி 1963-இல் லண்டனில் அரங்கேறிய 'சர்சி'. நான் உடலின் பக்கம் நின்று பேசுகிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மா தெளிவாகப் பேசினார்கள். ட்ராய் போர் தெரியாதவருக்கு மேடையில் ஒன்றும் விளங்காது என்றார்கள். உடல் போதுமென்றால் கிரஹாம் ஏன் இரண்டு பாடகர்களைக் கொண்டுவந்து நிறுத்தினார் என்று கேட்டார்கள். 'கிளைட்டம்னெஸ்ட்ரா'வில் வரும் புகழ்பெற்ற அந்தச் சிவப்புத் துணியே பண்டைய கிரேக்க நாடக ஆசிரியர் ஈஸ்கிலஸின் நாடகம் கொடுத்த சீதனம் என்றார்கள். கதையை உருவிவிட்டால் மிஞ்சுவது வெறும் உடற்பயிற்சி என்று முடித்தார்கள்.

முதலில் கதைக்கே வருகிறேன். எந்தக் கதை, நடுவர் அவர்களே? ஒடிசியின் 11-ஆம் காண்டத்தில் அகமெம்னனின் ஆவி காவிய நாயகன் ஒடிசியஸிடம் புலம்புகிறது. விருந்துக்கு அழைத்து, தொட்டியில் தீனி தின்னும் மாட்டை வெட்டுவதுபோல் மனைவியின் கள்ளக்காதலன் ஏஜிஸ்தஸ் தன்னை வெட்டிவிட்டான் என்கிறது. சாகும்போது மனைவி தன் கண்களைக்கூட மூடிவிடவில்லை என்கிறது. கி.மு. 458-இல் ஈஸ்கிலஸ் மேடையேற்றிய ஒரெஸ்டியா என்ற நாடகத் தொகுதியில் அதே அகமெம்னன் குளிக்கும் இடத்தில், வலைபோல் வீசப்பட்ட அங்கிக்குள் சிக்கி, மனைவியின் கையாலேயே சாகிறான். ஈஸ்கிலஸில் அவளுடைய கோபத்துக்கு வேர், கப்பல்கள் கிளம்பக் காற்று வேண்டி மகள் இஃபிஜெனியாவை அவன் பலி கொடுத்தது. அந்தப் பலியைப் பற்றி ஒடிசியைப் பாடிய ஹோமர் வாயே திறப்பதில்லை. கொலை நடந்த இடம் மாறுகிறது, வெட்டிய கை மாறுகிறது, காரணமும் மாறுகிறது. இப்படி ஆளுக்கு ஆள் மாறிவந்ததைத் தூண் என்று எப்படி ஒப்புக்கொள்வது?

அதற்கு மேல் கிரஹாம் ஒரு காரியம் செய்தார். திரை விலகும்போதே கிளைட்டம்னெஸ்ட்ரா செத்துப்போய்ப் பாதாள உலகில் இருக்கிறாள். இறந்தவர்கள் நடுவிலும் தனக்கு ஏன் இந்த இழிவு என்பது அவளுடைய கேள்வி. ஒரு முன்காட்சி, இரண்டு அங்கங்கள், ஒரு பின்காட்சி என்று ஒரு மாலை முழுக்க ஓடும் ஆட்டம் அது. 'அடுத்து என்ன நடக்கும்' என்ற ஆவல்தான் கதையின் பெரிய பலம். அந்தப் பலத்தை முதல் நிமிடத்திலேயே ஓரமாக வைத்துவிட்டுத்தான் அவர் ஆடத் தொடங்கினார். அப்படியானால் பார்வையாளரை அத்தனை நேரம் இருக்கையில் பிடித்து வைத்தது எது?

அது கன்ட்ராக்‌ஷன். கிரஹாம் முறையின் உயிர்நாடி. இதைத் தவறாகச் செய்பவர்கள் அதிகம் என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

தரையில் உட்காருங்கள். உள்ளங்கால்கள் ஒன்றையொன்று தொடட்டும், முழங்கால்கள் பக்கவாட்டில் விரியட்டும். மூச்சை வெளியே விடும்போது வேலை இடுப்புக்கூட்டின் அடியில் தொடங்க வேண்டும். அடிவயிற்றின் ஆழத்துத் தசைகள் பின்னோக்கி இழுக்கும், இடுப்புக்கூடு பின்னால் சாயும், அந்த வளைவு முள்ளெலும்பு முள்ளெலும்பாக மேலே ஏறும். கழுத்துக்குக் கடைசியில்தான் வரும். தோள்கள் இடுப்புக்கு நேர் மேலேயே நிற்கும். முதுகு வளைகிறதே தவிர உடல் குட்டையாவதில்லை, பின்பக்கம் நீண்டுகொண்டே போகிறது. பிறகு மூச்சை இழுக்கும்போது, தொடங்கிய அதே அடியிலிருந்து நிமிர்ந்து வருவது ரிலீஸ்.

இதில் எங்கே கெடும்? பெரும்பாலும் நெஞ்சில் கெடும். புதிதாகப் பழகுகிறவர் இடுப்பை அசைக்காமல் நெஞ்சை உள்ளே போட்டுக் கூன் போடுவார். தூரத்திலிருந்து பார்த்தால் களைத்துப்போனவர் மாதிரிதான் தெரியும், துக்கப்படுகிறவராகத் தெரியாது. இன்னொருவர் வயிற்றை எக்கி மூச்சைப் பிடித்துக்கொள்வார். கழுத்து நரம்பு புடைக்கும், அசைவு நெஞ்சுக்குழியிலேயே நின்றுபோகும், கைக்குப் போகாது. வேறொருவர் தலையை முதலில் கவிழ்ப்பார். முகம் மறைந்துவிடும், அடியில் நடக்கும் வேலை எதுவும் அவைக்குத் தெரியாது. சரியாகச் செய்தால் உள்ளங்கைகூடக் குழிந்து அதே இழுப்பைக் காட்டும். கடைசி வரிசையில் இருக்கும் ஆளுக்கும் அது போய்ச் சேரும்.

இதோடு சேர்வது ஸ்பைரல். ஈரத் துணியை அடியில் பிடித்து முறுக்குவதுபோல, இடுப்பெலும்பு முதலில் திரும்ப, விலா அதைத் தொடர, தோள் அதற்குப் பின், கண் எல்லாவற்றுக்கும் கடைசி. தோளை முதலில் திருப்பிவிட்டால் யாரோ கூப்பிட்டுத் திரும்பிப் பார்த்ததுபோல் ஆகிவிடும். கிளைட்டம்னெஸ்ட்ரா நிற்பது பாதாளத்தில், அவள் திரும்பிப் பார்ப்பது தன் வாழ்நாளையே. அந்தப் பார்வை இடுப்பிலிருந்து கிளம்பினால்தான் அது நினைவாகத் தெரியும். இதை எந்தக் கதைச் சுருக்கம் சொல்லிக் கொடுக்கும்?

1894-இல் பிறந்த கிரஹாம் அந்த அரங்கேற்றத்தில் தாமே கிளைட்டம்னெஸ்ட்ராவாக ஆடியபோது அவருக்கு வயது 63. பாய்ச்சலும் கால் வீச்சும் இளமையில் இருந்த அளவுக்கு வராத வயது. நடுவுடலை நம்பித்தான் அவர் அந்த மேடையில் ஏறினார்.

இனி பாடகர்கள். இருந்தார்கள், மறுக்கவில்லை. எகிப்தில் பிறந்த ஹலிம் எல்-தாப் அமைத்த இசையில் ஒரு பெண் குரலும் ஓர் ஆண் குரலும் உண்டு. ஆனால் அவர்கள் நமக்கு உட்கார்ந்து கதை சொல்கிறார்களா? கூவலும் முறையீடுமாகத் துண்டு துண்டான வாக்கியங்கள் வருகின்றன. 1979-இல் யூரிகோ கிமுரா நாயகியாக ஆடி அமெரிக்கத் தொலைக்காட்சிக்காகப் படமாக்கியது இருக்கிறது. (முதல் அரங்கேற்றத்தில் இஃபிஜெனியாவாக ஆடிய யூரிகோ வேறொருவர், இருவரையும் ஒருவர் என்று குழப்பிக்கொள்ள வேண்டாம்.) அந்தப் படத்தை ஒலியை அணைத்துவிட்டு ஒரு முறை பாருங்கள். அடுத்த முறை கண்ணை மூடிக்கொண்டு ஒலியை மட்டும் கேளுங்கள். ஒலி இல்லாமல் பார்த்தபோது யார் யாரை வெறுக்கிறார்கள், யாருக்கு யாரிடம் பயம் என்பது விளங்கும். ஒலியை மட்டும் கேட்டால் பாதிக்கு மேல் இருட்டுதான்.

சிவப்புத் துணிக்கு வருகிறேன். ஈஸ்கிலஸின் நாடகத்தில் கிளைட்டம்னெஸ்ட்ரா சிவப்பு விரிப்புகளை விரிக்கச் சொல்கிறாள். தெய்வங்களுக்கு உரியதை மிதிப்பதா என்று அகமெம்னன் தயங்குகிறான், காலணியைக் கழற்றிவிட்டு மிதித்துப் போகிறான். யோசனை அங்கிருந்து வந்தது என்பது உண்மை, எதிரணிக்கு அந்த மதிப்பெண்ணைக் கொடுத்துவிடுங்கள். ஆனால் இசாமு நொகுச்சி வடிவமைத்த மேடையில் அந்தத் துணி என்ன பாடு படுகிறது என்று பாருங்கள். ஒரு சமயம் விரிப்பு, ஒரு சமயம் மேலாடை, ஒரு சமயம் படுக்கையறைத் திரை. ஒரே துணியை மூன்றாக்குவது அதைப் பிடித்திருக்கும் உடல். வெறுங்காலில் ஆடுகிற மேடை அது. விரிக்கும்போது இரு முனையிலும் இழுவிசை சமமாக இல்லையென்றால் நடுவில் மடிப்பு விழும், கால் விரல் அதில் மாட்டும், அரசன் தடுமாறுவான். கையால் மட்டும் இழுத்தால் துணி படபடக்கும், கனமில்லாத துணியாகவே தெரியும். முதுகிலிருந்து இழுத்தால்தான் அதற்கு ரத்தத்தின் கனம் வரும்.

எதிரணி தொடாத ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். அந்த முதல் மேடையில் அகமெம்னனாக ஆடியவர் பெர்ட்ரம் ராஸ். மகன் ஒரெஸ்டஸாக ஆடியவரும் அவரேதான்! அவள் கொல்லும் கணவனும், பின்னால் அவளைக் கொல்ல வரும் மகனும் ஒரே தோள், ஒரே மார்பு, ஒரே நடை. கதையில் அவர்கள் இரண்டு பெயர்கள். மேடையில் தான் கொன்ற உடலே திரும்பி வந்து தன்னைக் கொல்வதை அவள் பார்க்கிறாள். பக்கம் பக்கமாக எழுதினாலும் வராத ஒன்றை ஒரு நடிகர் தேர்வில் முடித்துவிட்டார் கிரஹாம். இந்த வாதம் ஒன்றுக்காகவே எங்கள் அணிக்குத் தீர்ப்புக் கொடுக்கலாம் என்பது என் எண்ணம்.

'சர்சி' இன்னும் நேரடியாக ஹோமரிடமிருந்து எடுத்தது. ஒடிசியின் 10-ஆம் காண்டத்தில் ஒடிசியஸின் தோழன் யூரிலோகஸோடு 22 பேர் சர்சியின் வீட்டுக்குப் போகிறார்கள். யூரிலோகஸ் சந்தேகப்பட்டு வெளியே நின்றுவிட, உள்ளே போனவர்கள் மருந்து கலந்த உணவைத் தின்று பன்றிகளாகிறார்கள். கறுப்பு வேரும் வெள்ளைப் பூவும் கொண்ட மூலிகையை ஹெர்மிஸ் தெய்வம் கொடுக்க, ஒடிசியஸ் தப்பிக்கிறான். கதைதான் தூண் என்றால் பன்றி வேண்டும், மூலிகை வேண்டும், ஹெர்மிஸ் வேண்டும். கிரஹாமின் மேடையில் மொத்தமே ஏழு பாத்திரங்கள்தான்: சர்சி, யுலிசிஸ் (ஒடிசியஸின் இன்னொரு பெயர்), படகோட்டி, பாம்பு, சிங்கம், மான், ஆடு. பன்றி ஒன்றுகூட இல்லை.

ஏன்? ஹோமர் ஒரு வரி சொல்கிறார்: தலையும் குரலும் மயிரும் உருவமும் பன்றியாயிற்று, புத்தி மட்டும் முன்போலவே இருந்தது. அந்த ஒரு வரியை ஆட வேண்டும். நாலு காலில் தலை குனிந்த பன்றியாக ஆடினால் முதுகெலும்பு தரைக்கு இணையாகப் படுத்துவிடும், நடுவுடலின் வேலை அவைக்குத் தெரியாது. பாம்புக்கு முறுக்கு உண்டு, சிங்கத்துக்கு மார்பு உண்டு, மானுக்குத் துள்ளல் உண்டு, ஆட்டுக்கு முட்டல் உண்டு. நாலு ஆண்கள், நாலு விதமான ஆசை, உள்ளே சிக்கிய மனிதன் ஒவ்வொருவரிலும் தெரிகிறான். என் கணிப்பில் கிரஹாம் விலங்குகளை மாற்றியதற்குக் காரணம் இதுதான். உடல் கேட்டது, கதை விட்டுக்கொடுத்தது.

'வெறும் உடற்பயிற்சி' என்ற வாதம்தான் எதிரணியின் வலுவான வாதம். அதை மதிக்கிறேன். ஃபால் என்கிற விழுதலையே எடுத்துக்கொள்வோம். முழங்கால் முட்டியோ முழங்கையோ வாலெலும்போ தரையை முதலில் தொடக் கூடாது. தொடையின் பக்கவாட்டு, பிட்டம், தோளின் பின்புறம் என்று சதையுள்ள இடங்களே தரையை வாங்க வேண்டும். இடுப்பு பின்னால் போகும்போது மேலுடல் முன்னால் எதிரெடை கொடுக்கும். மெதுவான எண்ணிக்கையில் பழகி, எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் ஒரே எண்ணில் விழுவார்கள். இது பயிற்சிக்கூடத்தில் பயிற்சிதான், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் மேடையில் சோதித்துப் பாருங்கள். ஆடுகிறவருக்கு ட்ராய் போர் எத்தனை ஆண்டு நடந்தது என்பது மறந்துபோகட்டும், ஆட்டத்துக்கு ஒன்றும் ஆகாது. அதே ஆள் விழும்போது எதிரெடை கொடுக்க மறக்கட்டும். 'டம்' என்று சத்தம் கேட்கும், அவை முழுக்க "ஐயோ, அடிபட்டுவிட்டதா?" என்று அந்த நடனக்காரருக்காகப் பதறும். கிளைட்டம்னெஸ்ட்ரா அந்த நொடியில் காணாமல் போய்விடுவாள். எது தவறினால் காவியம் சரிகிறதோ, அதுதானே காவியத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது?

கடைசியாக ஒன்று. 2012 அக்டோபரில் சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்கியபோது, கிரஹாம் குழுவின் நிலவறைக் கிடங்கு வெள்ளத்தில் மூழ்கியது. உடைகளும் நொகுச்சியின் மேடைப் பொருட்களும் நாசமாயின. அதன்பின், கிரேக்கப் புராணத்து இளவரசி அரியாட்னி, காளைத்தலை அரக்கனான மினோட்டாருக்குள் ஒளிந்திருக்கும் தன் பயத்தை எதிர்கொள்ளும் 1947-ஆம் ஆண்டுப் படைப்பான 'எரண்ட் இன்டு தி மேஸ்' மேடைப் பொருட்கள் இல்லாமலே ஆடப்பட்டது. கயிறு இல்லை, வாசலாக நின்ற கவை வடிவம் இல்லை. அந்தப் புராணக் கதை எல்லா நூலகத்திலும் பத்திரமாக இருந்தது, ஆனால் எந்த நூலகத்திலிருந்தும் அந்த ஆட்டத்தை எடுத்திருக்க முடியாது. ஒருவர் இடுப்பிலிருந்து இன்னொருவர் இடுப்புக்கு என்று கைமாறி வந்த ஆட்டத்தைக் கற்றவர்கள் இருந்தார்கள், அதனால் ஆடினார்கள்.

எதிரணி அம்மா நிறைவுரையில் வேறு எதற்கும் பதில் சொல்ல வேண்டாம். பெர்ட்ரம் ராஸ் ஏன் இரண்டு பாத்திரங்களையும் ஆடினார், சர்சியின் பன்றிகள் எங்கே போயின, இந்த இரண்டுக்கும் கதையின் பக்கம் நின்று விடை சொல்லட்டும். தீர்ப்பை உங்களிடம் விடுகிறேன், நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.