பிடுங்காமல் விட்ட அரசங்கன்று

எல்லோருக்கும் வணக்கம். பாரம்பரியக் கட்டடங்களைக் காப்பது பற்றிப் பேச்சு வந்தாலே நிதி இல்லை, நிதி இல்லை என்றுதான் ஆரம்பிக்கிறோம். நான் பார்த்தவரை பழைய கட்டடங்கள் பலவும் காசில்லாமல் அழியவில்லை. வருஷா வருஷம் செய்ய வேண்டிய சின்ன வேலையைச் செய்யாமல் விட்டதால் அழிந்தன. அப்புறம் திடீரென்று காசு வந்து, பெரிய வேலை என்று இறங்கி, மிச்சமிருந்ததும் போன கதைகளும் உண்டு.

கோபுரத்தில் முளைக்கும் அரசங்கன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். பறவை எச்சத்தில் விழுந்த விதை. விரல் நீளம் இருக்கும்போது ஒரு ஆள் ஏறிப் பிடுங்கிவிடலாம், செலவு அவருடைய ஒருநாள் கூலி. பத்து வருஷம் விட்டால் வேர் சுதைக்கும் செங்கலுக்கும் நடுவே புகுந்துவிடும், இழுத்தால் சுவரும் சேர்ந்து வரும்.

இது நம் முன்னோர்களுக்குத் தெரியாததா? 12 ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணி செய்து குடமுழுக்கு நடத்தும் வழக்கத்தைச் சடங்காக மட்டும் பார்க்காதீர்கள், கட்டடத்தை முறை வைத்துச் சோதித்துப் பழுது பார்க்கும் ஏற்பாடும் அதற்குள் இருக்கிறது. அந்தத் திருப்பணி இன்று பல ஊர்களில் கருங்கல் தரைமேல் வழுவழு டைல்ஸ் ஒட்டுவதாகவும், சுவரில் சிமெண்ட் பூசுவதாகவும், தூண்களில் மணலைப் பீய்ச்சி அடித்துக் கல்வெட்டு எழுத்தையே மழுங்கடிப்பதாகவும் ஆகிவிட்டது. உபயதாரர் பெயர் பொறித்த பளிங்குப் பலகை மட்டும் பளிச்சென்று இருக்கும்!

சிமெண்ட் மேல் எனக்குப் பகை எதுவும் இல்லை. புது வீட்டுக்கு அது சரி. பழைய சுவர் வேறு ஜாதி. செங்கலும் சுண்ணாம்புக் காரையும் சேர்ந்த சுவர் மழையில் ஈரம் குடிக்கும், வெயிலில் விட்டுவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்கிறது, உப்புப் பூக்கிறது, செங்கல் பொடியாக உதிர்கிறது. வெளியே பார்த்தால் கெட்டியாகத்தான் தெரியும், கெட்டது உள்ளே. சூழலுக்கும் இதில் கணக்கு உண்டு. சிமெண்ட் சூளைக்குச் சுமார் 1,450 டிகிரி வெப்பம் வேண்டும், சுண்ணாம்புக்கு 900 டிகிரி அளவே போதும். சுண்ணாம்பு இறுகும்போது சுடுகையில் வெளிவிட்ட கரியமில வாயுவில் ஒரு பகுதியைத் திரும்ப இழுத்துக்கொள்ளவும் செய்கிறது.

ஸ்ரீரங்கம் கோயிலில் இதைச் செய்து காட்டினார்கள். பழைய முறைகளையும் பொருள்களையும் வைத்தே பழுது பார்த்தார்கள், எனக்கு முக்கியமாகப் படுவது, மழைநீர் வெளியேறிச் சேகரமாகும் பழைய அமைப்பையும் மீட்டார்கள். 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருது கிடைத்தது. எல்லோரும் கோபுரத்தைப் படம் எடுத்தார்கள். நான் வடிகாலுக்குத்தான் கைதட்டுவேன்.

மறுபக்கம் புதுச்சேரி மேரி கட்டடம். பிரெஞ்சுக்காரர் காலத்து நகராட்சி மாளிகை, கடற்கரையிலேயே இருந்தது. பாழடைந்து கிடந்து 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. சுமார் 15 கோடி ரூபாயில் அதே தோற்றத்தில் திரும்பக் கட்டி 2021இல் திறந்தார்கள். அழகாகத்தான் இருக்கிறது, குறை சொல்லவில்லை. ஆனால் அது புதுக் கட்டடம். கூரை ஒழுகலை அன்றைக்கன்றைக்கே அடைத்திருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று கேட்க ஆள் இல்லை, ஏனென்றால் ஒழுகலை அடைத்ததற்கு யாரும் ரிப்பன் வெட்டுவதில்லை.

சுண்ணாம்பு வேலைக்கு நாள் அதிகம், கூலி அதிகம் என்பீர்கள். உண்மைதான். ஊறவைக்க வேண்டும், அரைக்க வேண்டும், கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்க்க வேண்டும், அது தெரிந்த கொத்தனாரும் கிடைக்க வேண்டும். அந்தக் கூலி ஊருக்குள்ளேயே சுற்றும் என்பதையும் கணக்கில் சேருங்கள். 12 வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் கூப்பிட்டால் அவர் ஏன் இந்தத் தொழிலில் இருக்கப்போகிறார், பிள்ளைக்கு ஏன் கற்றுக்கொடுக்கப்போகிறார்? இங்கே கோயில் கமிட்டிக்காரர்கள் சிலர் வந்திருக்கிறீர்கள். அடுத்த கூட்டத்தில் வருஷப் பராமரிப்பு என்று தனியாக ஒரு தொகை ஒதுக்குங்கள், ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு ஆளை மேலே ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.