டர்பனில் தொழில் தொடங்கியாச்சு: ஆள் வைக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய தென்னாப்பிரிக்கச் சட்டம்

[காட்சி: சாட்ஸ்வொர்த்தில் ஒரு கடைவாசல். ஷட்டர் பாதி தூக்கியிருக்கிறது. கண்ணாடியில் "ஆட்கள் தேவை".]

குரல்: தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்து டர்பன் பக்கம் உணவகம், மளிகைக் கடை, தையல் கூடம் என்று ஏதாவது தொடங்குகிறவர்களுக்கான வீடியோ இது. தென்னாப்பிரிக்காவில் ஆள் சேர்ப்பது சிரமமே இல்லை. ஊர் வழக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவரும்போதுதான் கைப்பணம் கரைகிறது. வாய்ப்பேச்சில் வேலை, சாப்பாடும் அறையும் சேர்த்து ஒரு சம்பளம், உடைந்த தட்டுக்குப் பிடித்தம், கோபம் வந்தால் "நாளையிலிருந்து வராதே". இந்த நான்குமே இங்கே சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும்.

முதலில், யாரை வைக்கலாம்? உள்ளூர்க்காரர் என்றால் 13 இலக்க அடையாள எண்ணுள்ள அட்டையின் நகல் போதும். வெளிநாட்டவர் என்றால், உங்களிடம் அந்த வேலையைச் செய்ய அவருடைய விசா அனுமதிக்கிறதா என்று பார்த்து நகல் எடுத்து வைக்க வேண்டியது முதலாளியின் கடமை. சுற்றுலா விசாவில் மாஸ்டரை வரவழைத்து அடுப்படியில் நிறுத்துவது குற்றம். வழக்கு முதலாளி மேலும் வரும். "பேப்பர் இல்லாதவன்தானே, சம்பளம் கேட்டால் எங்கே போவான்" என்ற கணக்கும் தப்பு. அனுமதி இல்லாமல் வேலை செய்தவருக்கும் நியாயமற்ற பணிநீக்கத்திலிருந்து பாதுகாப்பு உண்டு என்று 2008-லேயே தீர்ப்பு வந்துவிட்டது. நீங்களே பிசினஸ் விசாவில் வந்தவரா? அப்படியானால் ஊழியர்களில் குறைந்தது 60 சதவீதம் பேர் குடிமக்களாகவோ நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களாகவோ இருக்க வேண்டும்.

[திரை: மூன்று பதிவுகள்]

முதல் ஆளைச் சேர்த்ததும் மூன்று இடத்தில் பதிவு. வரித்துறையான சார்ஸில் 21 வேலை நாட்களுக்குள். அடுத்து வேலையின்மைக் காப்பீட்டு நிதி. எல்லாரும் சொல்வது யுஐஎஃப். மாதம் 24 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும், சம்பளத்தில் 1 சதவீதம் அவரிடம் பிடித்து, இன்னொரு 1 சதவீதம் நீங்கள் சேர்த்துக் கட்ட வேண்டும். மாதம் 17,712 ராண்டுக்கு மேற்பட்ட சம்பளம் இந்தக் கணக்கில் வராது. அதனால் ஒரு பக்கத்துக்கு அதிகபட்சம் 177 ராண்ட் 12 சென்ட். மூன்றாவது, வேலையில் அடிபட்டால் இழப்பீடு தரும் நிதி. சார்ஸ், யுஐஎஃப் மாதக் கணக்கை 7-ஆம் தேதிக்குள் அனுப்ப வேண்டும். அன்று சனி, ஞாயிறு அல்லது விடுமுறை என்றால் அதற்கு முந்தைய வேலை நாளே கடைசி. அடுத்த நாள் இல்லை. தாமதமானால் அபராதமும் வட்டியும்.

ஆண்டுச் சம்பளப் பட்டியல் 5 லட்சம் ராண்டைத் தாண்டுமானால் திறன் வளர்ச்சி வரி என்று இன்னொரு 1 சதவீதம். அது முழுக்க முதலாளி பணம். ஆளிடம் பிடிக்கக் கூடாது.

ஊரிலிருந்து வந்தவர்கள் பி.எஃப்., கிராஜுவிட்டி, தீபாவளி போனஸ் பற்றிக் கேட்பார்கள். பொதுச் சட்டப்படி மூன்றுமே இங்கே கட்டாயமில்லை. ஆனால் ஆடைத் தொழில், லாரிப் போக்குவரத்து, மோட்டார் பழுது போன்ற துறைகளில், முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து சம்பளத்தையும் வசதிகளையும் முடிவு செய்யும் பேரம் பேசும் மன்றங்கள் இருக்கின்றன. அவை போடும் ஒப்பந்தம் நீங்கள் உறுப்பினராக இல்லாவிட்டாலும் உங்களைக் கட்டுப்படுத்தலாம்; சேமநிதி அதில் வரலாம். தையல் கூடம் திறப்பவர் மிஷின் வாங்கும் முன்பே இதை விசாரித்துவிடுவது நல்லது.

[திரை: ஒரு பக்க வேலை ஒப்பந்தம்]

வேலை விவரத்தை முதல் நாளே எழுத்தில் கொடுக்க வேண்டும். இரு தரப்பின் பெயர், வேலை, இடம், தொடங்கும் தேதி, வேலை நேரம், சம்பளம், ஓவர்டைம் விகிதம், பிடித்தங்கள், லீவு, நோட்டீஸ் காலம். ஒரே பக்கத்தில் அடங்கும். சொந்த மச்சான் மகனாக இருந்தாலும் கொடுங்கள். பின்னால் பஞ்சாயத்து வருவது பெரும்பாலும் அங்கேதான். வேலை முடிந்த பிறகும் மூன்று ஆண்டு இந்தத் தாளைப் பத்திரப்படுத்த வேண்டும்.

"மூன்று மாதம் டிரையல், பிடிக்காவிட்டால் அனுப்பிவிடலாம்" என்பது பாதி உண்மை. தகுதிகாண் காலம் வைக்கலாம். ஆனால் அந்தக் காலத்திலும் குறை என்ன என்று சொல்லி, சொல்லிக்கொடுத்து, திருந்த அவகாசம் தந்து, அவர் பதிலைக் கேட்டபிறகே நீக்க முடியும்.

சம்பளத்துக்கு வருவோம். தேசியக் குறைந்தபட்சக் கூலி ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 1-இல் மாறும். 2025 மார்ச்சில் அது மணிக்கு 28 ராண்ட் 79 சென்ட். அந்தக் கணக்கில் வாரம் 45 மணி நேரத்துக்கு 1,295 ராண்ட் 55 சென்ட். 52-ஆல் பெருக்கி 12-ஆல் வகுத்தால் மாதம் 5,614 ராண்ட் 5 சென்ட். நான்கு வாரம் ஒரு மாதம் என்று போட்டால் 5,182-தான் வரும். இப்படிப் போட்டுத்தான் பலர் தங்களுக்குத் தெரியாமலே குறைத்துக் கொடுக்கிறார்கள். ஆய்வாளர் வந்தால் முதலில் அந்தப் பெருக்கலைத்தான் பார்ப்பார்.

பஸ் காசு, சாப்பாடு, தங்குமிடம், டிப்ஸ், போனஸ் எதுவும் இந்தக் குறைந்தபட்சக் கூலியில் சேராது. "4,000 கையில், மீதி சாப்பாடும் ரூமும்" என்ற ஏற்பாடு அதனால்தான் அடிபடுகிறது. ஒருவரை இரண்டு மணி நேரத்தில் திருப்பி அனுப்பினாலும் நான்கு மணி நேரக் கூலி தர வேண்டும். உணவகம், சில்லறைக் கடை இரண்டுக்கும் அந்தந்தத் துறைக்கென்று கூலி சொல்லும் தனி அரசாணைகள் இருக்கின்றன. அவற்றில் உங்கள் ஆளுடைய வேலைக்குக் கூடுதல் விகிதம் இருந்தால் அதுதான் செல்லும்.

[திரை: வார அட்டவணை]

வாரத்துக்கு 45 மணி. ஐந்து நாள் கடை என்றால் ஒரு நாளைக்கு 9, ஆறு நாள் என்றால் 8. அதற்கு மேல் வேலை வாங்க அவர் சம்மதிக்க வேண்டும். வாரம் 10 மணி வரை, ஒன்றரை மடங்கு கூலியில். தொடர்ந்து ஐந்து மணி வேலை என்றால் ஒரு மணி நேர இடைவேளை. எழுதி ஒத்துக்கொண்டால் அரை மணி. வழக்கமாக ஞாயிறு வேலை செய்யாதவரை ஞாயிறு கூப்பிட்டால் இரண்டு மடங்கு, ஞாயிறும் அவருடைய வழக்கமான நாள் என்றால் ஒன்றரை. மாலை 6 மணிக்கு மேல் ஓடும் உணவகங்கள் ஒன்றை மறந்துவிடுகின்றன: இரவு வேலைக்குத் தனிப் படி அல்லது நேரக் குறைப்பு உண்டு, அவர் வீடு போக வண்டி கிடைக்க வேண்டும். இரவு பதினொன்றுக்குக் கடையை மூடி, டர்பன் புறநகரான ஃபீனிக்ஸுக்குப் போக டாக்ஸி இல்லாமல் அவரை நிறுத்தினால் அது சட்டமீறல்.

பொது விடுமுறை ஆண்டுக்கு 12. தீபாவளியும் தைப்பூசமும் அதில் இல்லை. ஆனால் இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் ஒரு பொது விடுமுறையை வேறொரு நாளுக்கு மாற்றிக்கொள்ளச் சட்டமே இடம் தருகிறது. காவடி எடுக்கிறவர் உங்களிடம் வேலை செய்தால் ஒப்பந்தத்திலேயே ஒரு வரி போட்டுவிடலாம்.

ஆண்டு லீவு தொடர்ச்சியாக 21 நாள். ஐந்து நாள் வாரத்தில் அது 15 வேலை நாள். நோய் லீவு மூன்று ஆண்டுக்கு ஆறு வார வேலை நாட்கள். ஆறு நாள் வாரம் என்றால் 36. முதல் ஆறு மாதம் மட்டும் 26 நாள் வேலைக்கு ஒரு நாள். குழந்தைப்பேற்று விடுப்பு, 2025 அக்டோபரில் வந்த அரசியலமைப்பு நீதிமன்றத் தீர்ப்புப்படி, பெற்றோரில் ஒருவர் மட்டும் வேலையில் இருந்தால் குறைந்தது நான்கு மாதம்; இருவரும் வேலையில் இருந்தால் இருவருக்கும் சேர்த்து நான்கு மாதமும் பத்து நாளும். அந்தக் காலத்துக்கு முதலாளி சம்பளம் தரக் கட்டாயமில்லை, யுஐஎஃப் ஒரு பங்கைத் தரும். அதனால் யுஐஎஃப் கட்டாமல் விட்ட முதலாளியின் குட்டு பெரும்பாலும் ஒரு பிரசவத்தில் வெளிப்படும்.

பிடித்தம். தட்டு உடைந்தது, கல்லாவில் 300 ராண்ட் குறைகிறது. நீங்களாகச் சம்பளத்தில் கழிக்க முடியாது. அவர் தவறால் நேர்ந்த இழப்பு என்பதை முறையாக விசாரித்து, அவர் எழுத்தில் ஒத்துக்கொண்டு, இழப்பின் உண்மையான மதிப்புக்கு மிகாமல் பிடிக்கலாம். அப்போதும் மொத்தம் சம்பளத்தில் கால் பங்கைத் தாண்டக் கூடாது.

[காட்சி: மேசையின் இரு பக்கமும் இருவர். நடுவில் ஒரு கோப்பு.]

இனி, அனுப்புவது. ஒருவரை நீக்க நடத்தை, திறமையின்மை அல்லது உடல்நலம், தொழில் நலிவு என மூன்று வகைக் காரணங்கள்தான் ஏற்கப்படும். காரணம் எவ்வளவு வலுவாக இருந்தாலும் முறை தவறினால் பணம் கட்ட வேண்டிவரும். திருட்டையே கேமராவில் பிடித்துவிட்டீர்கள் என்று வையுங்கள். குற்றச்சாட்டை எழுத்தில் கொடுங்கள், பதிலுக்கு இரண்டு நாளாவது அவகாசம் தாருங்கள், சக ஊழியர் ஒருவரைத் துணைக்கு அழைத்துவரவிடுங்கள், அவர் சொல்வதைக் கேட்டு முடிவை எழுதுங்கள். அதுவரை கடைக்கு வர வேண்டாம் என்று சொல்லலாம், முழுச் சம்பளத்தோடு. சின்ன கடையில் இது அரை மணி வேலை. 2025 செப்டம்பரில் வந்த புதிய பணிநீக்க நெறிமுறையும் சிறு தொழில்களிடம் நீதிமன்றம் மாதிரி விசாரணையை எதிர்பார்க்கவில்லை. சொல்லாமல் வேலைக்கு வராதவரும் தானாக நீங்கிவிட மாட்டார். செய்தி அனுப்பி, தேதி கொடுத்து, வராவிட்டால் அவர் இல்லாமலே விசாரித்து முடிக்க வேண்டும்.

நீக்கப்பட்டவர் 30 நாளுக்குள் சிசிஎம்ஏ என்ற சமரச மன்றத்துக்குப் போகலாம். அவருக்கு ஒரு சென்ட் செலவில்லை. இழப்பீடு 12 மாதச் சம்பளம் வரை. கர்ப்பம், தொழிற்சங்கம், இனம் போன்ற காரணத்துக்காக நீக்கியதாக நிரூபணமானால் 24 மாதம் வரை. அழைப்பு வந்தும் போகாமல் இருந்துவிடாதீர்கள். நீங்கள் இல்லாமலே தீர்ப்பாகும். பிறகு அது நீதிமன்ற ஆணை போலவே வசூலாகும்.

நோட்டீஸ் எழுத்தில்தான்: ஆறு மாதம் வரை வேலை செய்தவருக்கு ஒரு வாரம், ஓராண்டுக்குள் இரண்டு, அதற்கு மேல் நான்கு. தொழில் நலிந்து ஆட்குறைப்பு என்றால் முதலில் கலந்தாலோசனை, பிறகு முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் குறைந்தது ஒரு வாரச் சம்பளம். மிச்சமுள்ள ஆண்டு லீவையும் பணமாகக் கொடுங்கள். கடைசி நாளில் பணிச் சான்றிதழும் யுஐ-19 படிவமும் அவர் கையில் போக வேண்டும். சண்டை போட்டுப் பிரிந்தவர் என்றாலும் இதை நிறுத்திவைக்க உங்களுக்கு உரிமையில்லை. அந்தப் படிவம் இல்லாவிட்டால் யுஐஎஃப் பணம் கேட்டுப் போகிற இடத்தில் அவர் அலைவார். தொழிலாளர் துறையிலிருந்து உங்களுக்கு அழைப்பு வரும்.