திரையில் விழுங்குவதும் வேலியில் சிக்குவதும்

(கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்தில் நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பேரூராட்சி உறுப்பினர்களே, வேலைப்பளுவுக்கு நடுவிலும் வந்திருக்கும் வனத்துறை அலுவலர்களே, மாணவர்களை அழைத்து வந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களே, விடியுமுன்னே ரப்பர் பால் வெட்டப் போய்த் திரும்பி, கண்ணில் தூக்கத்தோடு உட்கார்ந்திருக்கும் தோட்டத் தொழிலாளத் தோழர்களே, பேச்சிப்பாறை மலையிலிருந்து இறங்கி வந்திருக்கும் காணிப் பழங்குடி மக்களே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடைக்கு நன்றி. அடுத்த கூட்டத்தில் அந்தக் காசுக்கு நூலகத்துக்குப் புத்தகம் வாங்கிவிடலாம் என்பது என் தாழ்மையான கருத்து.

பெரிய பாம்புகளைத் தொலைக்காட்சி எப்படிக் காட்டுகிறது என்பது தலைப்பு. மூன்று செய்திகள்: அது நீளத்தில் சொல்லும் பொய், கொல்லும் முறையில் சொல்லும் பொய், குழந்தைகள் மனத்தில் விதைக்கும் பயம். மூன்றுக்கும் ஒரே பழமொழி போதும். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்.

முதலில் நீளம். பாம்பைக் கேமராவுக்கு அருகே நீட்டிப் பிடித்து, ஆளைப் பின்னால் நிறுத்தி, அகன்ற லென்ஸில் எடுத்தால் பத்தடி இருபதடியாகத் தெரியும். உரித்த தோலை அளப்பது இன்னொரு மோசடி, தோல் இழுபடும். அமெரிக்காவில் முப்பது அடிக்குக் குறையாத பாம்பை உயிரோடு கொண்டுவருவோருக்குப் பரிசு என்று பல பத்தாண்டுகளாக அறிவித்து, கடைசியில் தொகையை ஐம்பதாயிரம் டாலர் வரை உயர்த்தினார்கள். ஒருவரும் வந்து வாங்கவில்லை. நம் மலைப்பாம்பு பெரும்பாலும் மூன்று மீட்டர் அளவுக்கு வளரும். அதைவிடப் பெரியவை அரிது.

இனி அந்தக் கதை. 2014 டிசம்பரில் டிஸ்கவரி சேனல் ஒரு நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. பால் ரோசோலி என்ற இளைஞரை அமேசான் காட்டில் அனகோண்டா உயிரோடு விழுங்கப் போகிறது என்று பல வாரம் விளம்பரம். உடம்பு நசுங்காமலிருக்க விசேஷ உடை, மூச்சு விட ஏற்பாடு, உடையிலேயே கேமரா. இரண்டு மணி நேர நிகழ்ச்சியில் பெரும்பகுதி பாம்பைத் தேடுவதிலேயே போயிற்று. கடைசியில் இருபதடி அளவில் ஒரு பச்சை அனகோண்டா கிடைத்தது. அதற்கு ஆசை காட்ட இவர் உடையின்மேல் பன்றி ரத்தம் பூசிக்கொண்டு நெருங்குகிறார். பாம்பு என்ன செய்தது தெரியுமா? ஓடப் பார்த்தது! இவர்தான் விடாமல் சீண்டினார். வேறு வழியில்லாமல் அது சுற்றி வளைத்து இறுக்கியது. தலைக்கவசத்தில் வாய் பட்டதுதான் தாமதம், கை முறியும்போல் இருக்கிறது, காப்பாற்றுங்கள் என்று இவர் குரல் கொடுக்க, கூட்டாளிகள் ஓடி வந்து பிரித்தெடுத்தார்கள். விழுங்கவுமில்லை, விருந்துமில்லை. விழித்திருந்து பார்த்தவர்கள் இணையத்தில் கொதித்தார்கள். இத்தனையும் அமேசான் காட்டைக் காக்கப் பணம் திரட்டத்தானாம். நோக்கம் நல்லதுதான். ஆனால் அந்தப் பாம்பிடம் யார் கேட்டார்கள்? அதன் பக்கத்திலிருந்து பார்த்தால், ரத்தம் பூசிய ஒரு மனிதன் துரத்தி வந்து தன்னைக் கட்டிப்பிடித்தான், அவ்வளவுதான். கண்ணால் காண்பதும் பொய்.

கொல்லும் முறைக்கு வருவோம். எலும்பை நொறுக்கும் என்று பின்னணிக் குரல் முழங்கும். மூச்சை அடைத்துக் கொல்லும் என்று பாடப்புத்தகமும் சொல்லிற்று. 2015இல் ஆராய்ச்சியாளர்கள், மலைப்பாம்பைப் போலவே இரையை இறுக்கிக் கொல்லும் போவா பாம்புகளிடம் எலியைக் கொடுத்து அளந்து பார்த்தார்கள். இறுக்கிய சில நொடிகளிலேயே எலியின் இரத்த அழுத்தம் சரிகிறது, இரத்த ஓட்டம் நிற்கிறது, இதயத்துடிப்பு தடுமாறுகிறது. இரையின் இதயத் துடிப்பை உணர்ந்தே எவ்வளவு நேரம் இறுக்குவது என்று பாம்பு தீர்மானிக்கிறது என்பதும் அதற்கு முன்பே தெரிந்திருந்தது. தாடை கழன்றுகொள்ளும் என்பதும் தவறு. கீழ்த்தாடையின் இரு பாதிகளும் முன்பக்கம் எலும்பால் ஒட்டாமல் நெகிழ்வான தசைநாரால் இணைந்திருக்கின்றன; விலகி விரிகின்றன. விழுங்கும்போது மூச்சுக்குழல் வாய் வாயிலாக வெளியே நீண்டு மூச்சு விடும். வயிறு நிறைந்த பாம்பைத் தூக்கிக் குலுக்கினால் தின்றதைக் கக்கிவிட்டு ஓடும். அதைத்தான் சில சேனல்களில் 'ஆவேசம்' என்கிறார்கள்!

பெரியோர்களே, நம் மாவட்டத்தில் மலைப்பாம்பைக் கொல்வது வாயல்ல, வலை. மீன்பிடித்துக் கழித்த நைலான் வலையை நாம் விளையை, அதாவது தோட்டத்தை, சுற்றியும் கோழிக்கூட்டைச் சுற்றியும் கட்டுகிறோம். அடிப்பக்கம் தொளதொளவென்று மண்ணில் கிடக்கும். பாம்பின் தலை கண்ணியில் நுழையும். நடு உடல் தலையைவிடப் பருமன். செதில்கள் வாலை நோக்கிப் படிந்திருப்பதால் பின்னால் நகர்ந்தால் நூல் செதிலுக்கு அடியில் மாட்டும். முன்னால் தள்ளினால் இறுகும். கோழியை விழுங்கிவிட்டு வெளியே வரும் பாம்பின் நிலைமை இன்னும் மோசம். உச்சி வெயிலில் சிக்கினால் காயத்தைவிடச் சூடே அதைக் கொன்றுவிடும்.

அப்படிக் கண்டால் தீயணைப்புத் துறையின் 101க்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள். மலைப்பாம்பு 1972ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அடித்தால் மூன்றாண்டுக்குக் குறையாத சிறை. அவர்கள் வரும்வரை இழுக்க வேண்டாம். நனைத்த சாக்கைப் போர்த்தி, மேலே நிழல் கட்டி, செல்போனோடு கூடும் கூட்டத்தைத் தள்ளி நிறுத்துங்கள். அறுத்தெடுப்பது பயிற்சி பெற்றவர் வேலை. தலையைத் துணியால் மூடி ஒருவர் பிடிக்க, உடலை இன்னொருவர் தாங்க, முனை மழுங்கிய கத்தரியை நூலுக்கும் தோலுக்கும் நடுவே தட்டையாகச் செருகி ஒவ்வொரு இழையாக வெட்ட வேண்டும். ஒரு இழை சுற்றி நின்றாலும், அடுத்த இரையில் உடல் பருக்கும்போது அது சதையை அறுக்கும். ஆழக் காயம் இருந்தால் காட்டில் விடுமுன் கால்நடை மருத்துவர் பார்க்க வேண்டும். அதையெல்லாம் விட்டுவிட்டு உடனே கொண்டுபோய் அணைக்கரையில் அவிழ்த்துவிட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். மீட்பு என்று செய்தியும் வரும். கண்ணால் காண்பதும் பொய்!

குழந்தைகளின் பயத்தைப் பற்றி ஆசிரியப் பெருமக்களே பேசட்டும். தலைவர் அவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். கோழிக்கூட்டுக்கு நைலான் வலை வேண்டாம். அரை அங்குலக் கண்ணியுள்ள கம்பி வலை போதும். அடியை மண்ணில் புதைத்தால் கீரியும் எளிதில் நுழையாது. விளைக்கு வலைதான் வேண்டுமென்றால் இறுக்கிக் கட்டி, தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்துங்கள், அறுவடை முடிந்ததும் கழற்றிச் சுருட்டுங்கள். கழித்த வலைகளை வார்டு வாரியாகச் சேகரித்து அகற்றப் பேரூராட்சி ஒரு நாள் ஒதுக்க வேண்டும் என்ற தீர்மானம் இப்போது உங்கள் முன் வைக்கப்படுகிறது. வாசலில் தாள் இருக்கிறது. கையொப்பமிட்டுவிட்டு அப்புறம் தேநீர் குடியுங்கள்.